தேனை மருந்தாகப் பயன்படுத்த நினைக்கிறவர்களுக்கு

கேள்வி கேட்ட சகோதரி தன் வீட்டு நிலையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எட்டு மாதப் பெண் குழந்தை, ஐந்து வயதுப் பையன், சர்க்கரை நோய் உள்ள மாமனார். ஊரிலிருந்து மாமியார் ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்திருக்கிறார். அது அடியில் வெள்ளையாக உறைந்து கிடப்பதால் சர்க்கரைப் பாகு கலந்ததோ என்று சந்தேகம். பையனுக்கு ஒரு வாரமாக இரவில் இருமல். தேனுக்கு உண்மையிலேயே மருத்துவக் குணம் உண்டா, வீட்டில் யாருக்கு எப்படிக் கொடுப்பது, நியூசிலாந்திலிருந்து வரும், ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற மனுகா தேன்தான் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் மருந்தாளுநர். மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீப் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவன். தேன்மேல் எனக்குப் பாசம் அதிகம். அதனாலேயே தேனைப் பற்றி இல்லாததைச் சொல்லி விற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தேன் மருந்துதான். மருந்து என்று ஒப்புக்கொண்டால் அதற்கு அளவு உண்டு, நேரம் உண்டு, கொடுக்கக்கூடாத ஆளும் உண்டு.

அந்தக் கொடுக்கக்கூடாத ஆள் உங்கள் எட்டு மாதக் குழந்தை. மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பார்ப்போம், இதை முதலில் பேசிவிடுகிறேன். ஒரு வயது முடியும் வரை குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட வேண்டாம். நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம், உரை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் வேண்டாம், சூப்பானில் தடவிக் கொடுப்பதும் வேண்டாம். காரணம் இதுதான்: மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனிலும் இருக்கக்கூடும். எவ்வளவு சுத்தமான தேனானாலும் இருக்கக்கூடும், ஏனென்றால் தேனீ மண்ணோடும் பூவோடும் புழங்குகிற உயிர். நம் குடலுக்குள் போனால் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல கிருமிகள் அந்த வித்தை முளைக்க விடாது. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு நரம்பையும் தசையையும் தளர்த்திவிடும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கும் வலு குறைவது, அழுகை மெலிவது, இமை சரிவது, கழுத்து நிற்காமல் துவளுவது என்று போய், மூச்சுக்கே இயந்திரம் வைக்க வேண்டிய நிலை வரலாம். 1976இல் அமெரிக்காவில் இந்த நோயைத் தனியாக இனங்கண்டார்கள். அதன் பிறகுதான் தேனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. தேனைக் கொதிக்க வைத்தாலும் வித்து சாகாது.

நம் ஊர்களில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற வழக்கம் இருக்கிறது. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார். அவர் குணம் குழந்தைக்கும் வரும் என்பது நம்பிக்கை. அதில் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். "நாங்கள் எல்லாரும் சேனை வைத்து வளர்ந்தவர்கள்தானே" என்று உங்கள் மாமியார் கேட்கலாம். உண்மைதான், இந்த நோய் அரிது. ஆனால் வந்துவிட்டால் வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க வேண்டும். மறுபக்கத்தில், அந்த ஒரு துளி தேனால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை. அந்தப் பெரியவர் குழந்தையை மடியில் வைத்து உச்சி முகரட்டும், பெயரைக் காதில் சொல்லட்டும். வாயில் மட்டும் தாய்ப்பால் தவிர ஆறு மாதம் வரை எதுவும் வேண்டாம், தேன் ஒரு வயது வரை வேண்டாம்.

சரி, இப்போது தேனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் எங்கே உதவும், எங்கே உதவாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பூவிலிருந்து தேனீ உறிஞ்சிக்கொண்டு வருவது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான். கூட்டுக்கு வந்ததும் ஒரு தேனீயின் வாயிலிருந்து இன்னொன்றின் வாய்க்கு மாறி மாறிப் போகும். அப்போது அவற்றின் தலைப்பகுதிச் சுரப்பிகளிலிருந்து நொதிகள் கலக்கின்றன. பிறகு அறைகளில் ஊற்றிவிட்டு இறக்கையால் விசிறி விசிறித் தண்ணீரை வற்ற வைக்கும். ஈரம் இருபது சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் மெழுகால் மூடி போடும். எங்கள் அப்பா சட்டத்தைத் தூக்கிப் பார்த்து, முக்கால்வாசி அறையாவது மூடியிருந்தால்தான் தேன் எடுப்பார். மூடாத தேனை அவசரப்பட்டு எடுத்தால் நீர்த்துப் போய், சில வாரங்களில் நுரைத்துப் புளித்துவிடும்.

அப்படி முற்றிய தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை. அதிலும் பெரும்பகுதி ஃபுரக்டோஸும் குளுக்கோஸும். இந்த அடர்த்தியில் கிருமி விழுந்தால் அதன் உடம்பில் உள்ள நீரைத் தேன் உறிஞ்சிவிடும். உப்புப் போட்ட ஊறுகாய் கெடாமல் இருப்பதும் இதே வழியில்தான். கூடவே தேன் அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு நான்குக்குப் பக்கத்தில் இருக்கும். நாக்குக்கு இனிப்பு மட்டும் தெரிவதால் இது பலருக்குத் தெரியாது.

எனக்கு வியப்பூட்டுவது மூன்றாவது காரணம். தேனீ கலந்த நொதிகளில் ஒன்று குளுக்கோஸ் ஆக்சிடேஸ். முற்றிய தேனில் இது கிட்டத்தட்ட உறங்கிக்கொண்டிருக்கும். தேன் கொஞ்சம் நீர்த்தால் விழித்துக்கொண்டு, குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். ஆஸ்பத்திரியில் புண் கழுவ ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள். புண்ணில் தேன் தடவினால் புண்ணில் ஊறும் நீர் தேனை நீர்க்க வைக்கிறது, நொதி வேலை செய்யத் தொடங்குகிறது, கிருமியைக் கொல்லும் பொருள் திசுவுக்குச் சேதம் வராத சிறு அளவில் மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கிறது. தேனில் இருக்கும் இந்தக் கிருமிநாசினி எது என்று தெரியாமல் அதற்கு ஒரு தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அது பெராக்சைடுதான் என்று 1960களில் அமெரிக்காவின் ஜொனதன் ஒயிட் நிறுவினார்.

இந்த நொதிக்குச் சூடு ஆகாது. கொதிக்கிற பாலிலோ கஷாயத்திலோ தேனை ஊற்றினால் இனிப்பு மிஞ்சும், நொதி மிஞ்சாது. தேனைச் சூடாக்கக்கூடாது என்று நம் பழைய வைத்தியம் அழுத்திச் சொல்லி வந்திருக்கிறது. சூடாக்கினால் விஷமாகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மருந்தாகக் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த விதியைப் பின்பற்றுங்கள். டம்ளரை வெறுங்கையால் வசதியாகப் பிடிக்க முடிகிற சூட்டுக்கு ஆறிய பிறகு தேனைக் கலக்கலாம்.

இனி உங்கள் பையனின் இருமல். தேனுக்கு நல்ல சான்று இருக்கும் இடங்களில் இது முதன்மையானது. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சிலருக்குத் தூங்கும் முன் தேன், சிலருக்குக் கடைகளில் கிடைக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து, சிலருக்கு எதுவும் இல்லை. எதுவும் கொடுக்காதவர்களைவிடத் தேன் சாப்பிட்டவர்களுக்கு இருமல் தணிந்து தூக்கமும் நன்றாக வந்தது. அந்த இருமல் மருந்தோ எதுவும் கொடுக்காததைவிடப் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. 2012இல் இஸ்ரேலில் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட 300 குழந்தைகளுக்குப் படுக்கப் போகும் அரை மணி நேரத்துக்கு முன் பத்து கிராம் தேன் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வகைத் தேன் கொடுத்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பேரீச்சம்பழப் பாகும் கொடுத்தார்கள். தேன் மூன்றுமே பாகைவிட நன்றாக வேலை செய்தன.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததால் குழந்தைகள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. மருந்துக் கடையில் நின்று "ஏதாவது ஒரு சிரப் கொடுங்கள்" என்று கேட்கும் பெற்றோரை நான் தினமும் பார்க்கிறேன். சளி பிடித்து வருகிற சாதாரண இருமல் தானாக அடங்குவது. அதுவரை குழந்தை இரவில் தூங்கினால் போதும், அதற்குத் தேன் உதவும்.

ஐந்து வயதுப் பையனுக்கு அரை தேக்கரண்டியிலிருந்து ஒரு தேக்கரண்டி, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, தண்ணீர் கலக்காமல். மெல்ல நக்கிச் சாப்பிடட்டும். தொண்டையில் ஒரு பூச்சாகப் படிந்து கரகரப்பை அடக்குவது அதன் வேலையில் பாதி. பிறகு வாய் கொப்பளிக்க வையுங்கள், முடிந்தால் பல் துலக்க வையுங்கள். இரவு முழுக்கப் பல்லில் தேன் ஒட்டிக்கொண்டிருந்தால் சொத்தை விழும். ஆறு வயதுக்கு மேல் ஒரு தேக்கரண்டி, பன்னிரண்டுக்கு மேல் இரண்டு. தேன் கொடுக்கிறோம் என்ற தைரியத்தில் காத்திருக்கக் கூடாத இருமலும் உண்டு. மூச்சு வேகமாக வாங்குவது, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போவது, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், சாப்பிட மறுத்துச் சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். யாருக்கானாலும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

துளசிச் சாறு, ஓமவல்லிச் சாறு, ஆடாதோடை, இஞ்சிச் சாறு, திரிகடுகம் என்று எதைக் கொடுத்தாலும் நம் வீடுகளில் தேனில் குழைத்துத்தான் கொடுப்பார்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு அனுபானம் என்று பெயர். மருந்தை உள்ளே கொண்டுசெல்லும் துணைப் பொருள். வெந்நீர், பால், நெய், பனைவெல்லம் என்று நோய்க்கு ஏற்ப அனுபானம் மாறும். கபத்துக்குத் தேன்தான் முதலில் வரும். சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடியை வெறும் நாக்கில் போட்டால் குழந்தை துப்பிவிடும், புரையேறினால் ஆபத்தும்கூட. தேனில் குழைத்தால் காரம் மட்டுப்படும், பொடி தொண்டையில் கொஞ்ச நேரம் தங்கும். எனக்கு இது மிக நல்ல ஏற்பாடாகத் தோன்றுகிறது. பொடியின் அளவைச் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குழந்தைக்குப் பெரியவர்களின் அளவைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது புண். இங்கேதான் தேன் வீட்டு அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குள் போனது. மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மருத்துவக் கல்லூரியில் எம். சுப்ரமணியம் என்ற அறுவை மருத்துவர், மேலோட்டமான தீக்காயம் பட்ட 104 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தேனும் இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் வைத்துப் பார்த்தார். 1991இல் அதன் முடிவு வெளிவந்தது. பதினைந்து நாளில் தேன் பிரிவில் 87 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது, களிம்புப் பிரிவில் 10 சதவீதம் பேருக்கே. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அந்தக் காலச் சோதனை முறைகளில் குறைகள் உண்டு. ஆனால் 2015இல் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் உலகெங்கும் நடந்த சோதனைகளைச் சலித்துப் பார்த்து, ஆழம் குறைந்த தீக்காயங்கள் தேனால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். அறுவைக்குப் பின் சீழ் வைத்த புண்களுக்கும் தேன் உதவியது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வரும் நாள்பட்ட புண்ணுக்குப் பெரிய பயன் தெரியவில்லை.

நியூசிலாந்தின் மனுகா தேன் பெயர் பெற்றது இந்தப் புண் சிகிச்சையால்தான். வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் 1980களில் இதை ஆராயத் தொடங்கினார். பெராக்சைடை நீக்கிய பிறகும் மனுகா தேன் கிருமியைக் கொன்றது அவருக்குப் புதிராக இருந்தது. மனுகா பூவின் தேனில் உள்ள ஒரு பொருள் நாளடைவில் மெத்தில்கிளையாக்சல் என்பதாக மாறுகிறது, அதுதான் காரணம் என்று 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாட்டிலின்மேல் எம்.ஜி.ஓ. என்று போட்டிருக்கும் எண் அதன் அளவைத்தான் சொல்கிறது.

ஆனால் கவனியுங்கள், ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைக்கும் மருத்துவத் தேன் வேறு, கடையில் சாப்பிட விற்கும் மனுகா வேறு. மருத்துவத் தேனைக் காமா கதிர் செலுத்திக் கிருமி நீக்கிக் குழாயில் அடைப்பார்கள். சூடாக்கினால் நொதி செத்துவிடும், அப்படியே விட்டால் நான் மேலே சொன்ன வித்துகள் புண்ணில் இறங்கிவிடலாம் என்பதால்தான் இந்தக் கதிர் வழி. ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து மனுகா வாங்கி டீயில் கலக்கிக் குடிப்பதால், மார்த்தாண்டத்துத் தேனில் கிடைக்காத எதுவும் உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கப் போவதில்லை. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள்.

அடுப்படியில் கை சுட்டுக்கொண்டால் முதலில் தேனைத் தேடாதீர்கள். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கையைப் பிடியுங்கள். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். சூடு தணிந்த பிறகு, தோல் கிழியாமல் சிவந்து மட்டும் இருக்கிற சிறிய இடமானால் தேனை மெல்லிசாகத் தடவிச் சுத்தமான துணியால் மூடலாம். கொப்புளம் உடைந்தால், உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தால் ஆஸ்பத்திரிதான். உங்கள் மாமனாருக்குக் காலில் சின்னக் கீறல் என்றாலும் வீட்டுத் தேனை வைக்க வேண்டாம். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணில் ஒரு வாரம் தாமதம் விரலைக் காவு வாங்கியதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அவர் தேன் சாப்பிடலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். "தேன் இயற்கையானது, சர்க்கரை ஏற்றாது" என்பது தவறு. ஒரு தேக்கரண்டித் தேன் ஏழு கிராம் எடை வரும், அதில் ஆறு கிராமுக்குப் பக்கத்தில் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையைவிட அதில் கலோரி கொஞ்சம் அதிகம்தான். உலக சுகாதார நிறுவனம் தேனையும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. சூரணத்தோடு கால் தேக்கரண்டி போனால் பெரிய கேடு இல்லை, அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் இரண்டு கரண்டித் தேனும் அவருக்கு வேண்டாம். மற்றவர்களுக்கும் அது கொழுப்பைக் கரைக்காது. சர்க்கரை போட்ட காபியை விட்டுவிட்டு அதைக் குடித்தால் ஏதோ கொஞ்சம் குறையலாம், காபியும் குடித்து அதையும் குடித்தால் எடை கூடத்தான் செய்யும்.

மற்ற அன்றாடப் பயன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதடு வெடித்தால், வாய்ப்புண் வந்தால் இரவில் கொஞ்சம் தடவலாம், எரிச்சல் தணியும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு வரும் கடுமையான வாய்ப்புண்ணுக்கும் தேன் உதவுகிறது என்று மலேசியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2003இல் வந்தது; அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள். தேன் நெல்லி நல்ல தின்பண்டம், இனிப்பு என்ற நினைப்போடு சாப்பிடுங்கள். முகத்தில் தடவினால் ஈரம் காக்கும், அவ்வளவுதான். தலையில் பட்டால் முடி நரைக்கும் என்று சின்ன வயதில் எல்லாரும் பயந்திருப்போம். பெராக்சைடு முடியை வெளுக்கும் என்பது சரி, ஆனால் தேனில் ஊறுகிற அளவுக்கு அந்தச் சக்தி கிடையாது. கண்ணில் மட்டும் விடாதீர்கள். கொசுத்தேனைக் கண்ணில் விடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. கிருமி நீக்காத எதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது.

எந்தத் தேன் நல்லது என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்த் தேன்களைப் பற்றிச் சொல்ல ஆசை. மலைத்தேனீ பாறை முகட்டிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகப் பெரிதாகக் கட்டும். நீலகிரியில் குறும்பர்கள் கொடியால் ஏணி பின்னிப் பாறையில் இறங்கி எடுப்பது அந்தத் தேன்தான். கறுத்து, பல பூக்களின் மணத்தோடு இருக்கும். கொம்புத்தேன் புதர்க்கிளையில் கட்டும் சிறிய அடையிலிருந்து கிடைப்பது. பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத் தேனீ. எங்கள் குமரி மாவட்டத்தில் 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் இந்தத் தேனீயைப் பெட்டியில் வளர்க்க மக்களுக்குப் பழக்கிக் கொடுத்தார். ரப்பர் தோட்டங்கள் அதற்குத் துணையாக நின்றன. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில், பூவில் இல்லாமல் இலைக்காம்பில் தேன் சுரக்கும். 1990களின் தொடக்கத்தில் பை நோய் என்ற வைரஸ் வந்து குமரியிலும் கேரளத்திலும் பெட்டிகளைக் காலியாக்கியது. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அன்று ஒரு ரீங்காரம்கூட இல்லாமல் போனது. அப்பா வெறும் பெட்டிகளைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு, தேனீ வளர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி தொடங்கினார்.

கொசுத்தேன் தனி வகை. கொட்டாத அந்தச் சின்னத் தேனீ, மெழுகும் மரப்பிசினும் கலந்து கட்டிய குட்டிக் குடுவைகளில் தேனைச் சேர்க்கும். நீர்த்தும் புளித்தும் இருக்கும், கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதனால் விலை அதிகம். ஆஸ்திரேலியா, மலேசியாவின் கொட்டாத் தேனீக்களின் தேனில் ட்ரெஹலுலோஸ் என்ற, மெதுவாகச் செரிக்கும் அரிய சர்க்கரை இருப்பதை 2020இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். இதைச் சொல்லி "சர்க்கரை நோயாளிகளுக்கான தேன்" என்று யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள், அந்த அளவுக்கு நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது கிடையாது.

கலப்படத்துக்கு வருவோம். தண்ணீர் டம்ளரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது, செய்தித்தாளில் ஊறுகிறதா என்று பார்ப்பது, தீக்குச்சியில் தோய்த்துக் கொளுத்துவது, இவற்றில் எதையும் நம்ப முடியாது. கெட்டியான சர்க்கரைப் பாகு இதில் பெரும்பாலானவற்றில் தேறிவிடும், மழைக்காலத்து நல்ல மலைத்தேன் சிலவற்றில் தோற்றுவிடும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நம் நாட்டில் விற்கும் 13 பிராண்டுத் தேன்களைச் சோதித்தது. ஜெர்மனிக்கு அனுப்பிச் செய்த காந்த ஒத்ததிர்வுச் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை மூன்றே மூன்று. வழக்கமான ஆய்வகச் சோதனையில் சிக்காதபடி தயாரித்த பாகுகளே சந்தையில் கிடைத்தன. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகை எறும்பு கண்டுபிடித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே தேனைச் சோதிப்பதைவிட, கொடுப்பவரைத் தெரிந்துகொள்வது மேல். பெட்டி வைத்திருப்பவரின் தோட்டத்துக்கே போய் வாங்குங்கள், இல்லையென்றால் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம், பழங்குடியினர் சங்கங்கள், கோத்தகிரியில் கீஸ்டோன் போன்ற அமைப்புகள் வழியாக வாங்கலாம். சாலையோரத்தில் வாளியில் அடையைப் போட்டுக் காட்டி விற்பதில் அடை மட்டும் உண்மையாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

கடைசியாக உங்கள் மாமியாரின் பாட்டில். உறைவது கலப்படத்தின் அறிகுறி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் தானாகவே உறையும், அது தேனின் இயல்பு. ரப்பர் தேன் சில மாதங்களிலேயே உறைந்துவிடும்; குமரிப் பக்கத்துத் தேன் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உறைந்ததை வைத்து மட்டும் அது சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. அது எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள். பிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், குளிரில் சீக்கிரம் உறையும். ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலை அதில் அரை மணி நேரம் நிறுத்துங்கள், ஆறினால் தண்ணீரை மாற்றுங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலானால் உருகிய தேனைக் கண்ணாடிக்கு மாற்றி, மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பித்தளை, செம்பு ஆகாது. காய்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள், ஈரம் போனால் புளிக்கும். இன்று இரவு பையனுக்கு அதிலிருந்தே ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம். பாட்டில்மேல் ஒரு காகிதம் ஒட்டி, உங்கள் மகளின் முதல் பிறந்தநாள் தேதியை எழுதி வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வருகிற எந்தப் பாட்டி கையில் எடுத்தாலும் அது கண்ணில் பட வேண்டும்.